அக்குள் நாற்றத்திற்குச் சிறுகீறல் அறுவை சிகிச்சை: செய்துகொள்ளும் முன்னும் பின்னும்

அக்குளில் பருவ வயதில் இயங்கத் தொடங்கும் அபோகிரைன் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு நீர்மத்தைச் சுரக்கின்றன. அதற்கென்று பெரிய மணம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் எழுகிறது. இந்தச் சுரப்பிகளை அகற்றுவதே அறுவை சிகிச்சையின் நோக்கம்.

ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய நாடுகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. அங்கே பெரும்பாலோருக்கு, ஏபிசிசி11 என்ற மரபணுவின் ஒரு வகையால், அக்குள் நாற்றம் மிகக் குறைவு. ஆகவே நாற்றமுள்ள சிலர் தனித்துத் தெரிகிறார்கள். காதுக் குறும்பி ஈரமா, உலர்ந்ததா என்பதையும் அதே மரபணுவே தீர்மானிப்பதாக 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஈரக் குறும்பி உள்ளவர்களுக்கே நாற்றம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அங்குள்ள மருத்துவர்கள் குறும்பியைப் பற்றியும் விசாரிப்பதுண்டு.

முதலில், நாற்றம் உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சற்று வியர்த்த பிறகு அக்குளைத் துடைத்த பஞ்சுத் துணியை மருத்துவரோ வீட்டிலுள்ள ஒருவரோ முகர்ந்து பார்க்கட்டும். பிறர் எவரும் உணராத நாற்றம் தமக்கு இருப்பதாக நம்பி வருந்துவோரும் உண்டு. அவர்களுக்குக் கத்தி உதவாது, மனநல மருத்துவரே உதவுவார். நாற்றம் உறுதியானாலும் முடி மழித்தல், கிருமிநாசினிச் சோப்பு, வியர்வையைக் குறைக்க இரவில் உலர்ந்த தோலில் தடவும் அலுமினியம் குளோரைடு, அதே நோக்கத்திற்கான போட்டாக்ஸ் ஊசி ஆகியவற்றை முயன்ற பிறகே அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவது நியாயம்.

சிகிச்சைக்கு முன் புகைபிடிப்பதை நிறுத்திவிட வேண்டும். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, தாமாக நிறுத்தக் கூடாது. முடி வளரும் பகுதியில் எல்லை குறித்து, மரத்துப்போகச் செய்யும் மருந்தை அதிக அளவு உப்புநீரில் கலந்து தோலுக்கடியில் செலுத்துவார்கள். பிறகு அக்குள் மடிப்பில் சிறு கீறலிட்டு, தோலைப் பிரித்து உட்புறம் திருப்பி, சுரப்பிகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுப்பது ஒரு முறை. அதைவிடச் சிறிய துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் சுரண்டி உறிஞ்சுவது மற்றொன்று. முதல் முறையில் சுரப்பிகளைக் கண்ணால் பார்த்து நீக்கலாம், ஆனால் தழும்பு சற்றுப் பெரிது. இரண்டாவதில் தழும்பு சிறிது, சில சுரப்பிகள் தப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

கீறல் சிறியது என்பதால் காயமும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே அக்குள் தோல் முழுவதும் அடித்தளத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. அது மீண்டும் ஒட்டினால்தான் பிழைக்கும். இடையில் ரத்தம் தேங்கினால் தோலின் ஒரு பகுதி கருகிவிடக்கூடும். அதற்காகவே பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். மருத்துவர் அவிழ்க்கும்வரை அதை நீங்களாகத் தளர்த்தாதீர்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்குவது, சுமை எடுப்பது, இரு சக்கர வாகனம் ஓட்டுவது எல்லாவற்றையும் தவிருங்கள். தலைவாரவும் சட்டை மாட்டவும்கூட ஒருவர் துணை வேண்டியிருக்கும். முன்புறம் பொத்தானுள்ள தளர்ந்த சட்டையே வசதி. ஒரு பக்கம் திடீரென வீங்கினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, கட்டு ரத்தத்தில் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாற்றம் பெரிதும் குறையும். முற்றிலும் மறையும் என்று எவரும் உறுதி தர இயலாது, ஏனெனில் எல்லாச் சுரப்பிகளையும் சுரண்டி எடுக்கும் அளவுக்குத் தோலை மெலியச் செய்தால் தோலே தங்காது. பருவ வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்குச் செய்தால் நாற்றம் திரும்பக்கூடும் என்பதால், அவர்கள் விஷயத்தில் சில ஆண்டுகள் பொறுத்திருப்பதே நல்லது.