போர் மோட்டார் தண்ணீர் தரவில்லையா? மேலே ஏற்றும் முன் பெட்டியைத் திறங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு போர் 600 அடி, 800 அடி போவது சாதாரணம். மோட்டார் 300 அடியிலோ 500 அடியிலோ தொங்கும். அதை ஒருமுறை ஏற்றி இறக்கும் கூலியில் பாதி மோட்டாரே வாங்கிவிடலாம் போலிருக்கும். சிரமப்பட்டு ஏற்றிப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும். பெட்டிக்குள் கெபாசிட்டர் போயிருக்கும். ஆகவே முதல் அரைமணி நேரம் ஸ்டார்ட்டர் பெட்டியோடு.

ஆழத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வது ஆம்ப்ஸ் மீட்டர் மட்டும்தான். 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஏறக்குறைய 7, 8 ஆம்ப்ஸ் எடுக்கும். சரியான அளவு மோட்டார் தகட்டில் இருக்கும்.

முள் அசையவே இல்லையா? மெயின், ஃப்யூஸ், ஓவர்லோடு பட்டன், பிறகு போர் வாயில் கேபிள் இணைப்பு. எலி கடித்த கேபிளை முதலில் கண்ணால் தேடுங்கள், மீட்டர் அப்புறம்.

முள் கடைசிவரை ஏறி 'ம்ம்ம்' என்று உறுமுகிறதா? ஐந்து நொடிக்குள் அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி) கருகும். வோல்டேஜ் 180-க்குக் கீழே இருந்தால் வேறெதையும் தொட வேண்டாம், கரண்ட் சரியாகும்வரை காத்திருங்கள். வோல்டேஜ் சரியென்றால் கெபாசிட்டர். பெட்டியில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: கிளப்பிவிட ஒன்று, ஓடும்போது கூடவே இருக்க ஒன்று. தலை உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தங்கும். 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் இரண்டு முனையில் வைத்து இறக்கிவிட்டு அப்புறம் கை வையுங்கள். பழையதன் மேல் எத்தனை எம்எஃப்டி (கெபாசிட்டரின் அளவு) என்று போட்டிருக்கிறதோ அதே அளவு வாங்குங்கள். 'கொஞ்சம் பெரிசா போட்டா நல்லா இழுக்கும்' என்ற கடைப் பேச்சு வேண்டாம். புது கெபாசிட்டருக்கும் உறுமினால் பம்புக்குள் மணல் சிக்கியிருக்கலாம்.

மோட்டார் ஓடுகிறது, ஆம்ப்ஸ் வழக்கத்தைவிடக் குறைவு, தண்ணீர் இல்லை: பாரமில்லாமல் சுற்றுகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துப் போடும்போது பத்து நிமிடம் தண்ணீர் வந்து நின்றால் மட்டம் இறங்கிவிட்டது. நம் கல்பாறை நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதுதான். போரில் ஆழம் மிச்சமிருந்தால் பைப் சேர்த்து இறக்கினால் போதும், மோட்டார் மாற்றுவது வீண் செலவு. ஓய்வுக்குப் பிறகும் ஒரு சொட்டும் வராவிட்டால் உள்ளே மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். ஆம்ப்ஸ் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் போர் வாயில் காதை வையுங்கள். அருவி மாதிரி சலசலப்பு கேட்டால் பைப்பில் ஓட்டை; கேட்காவிட்டால் பம்பு தேய்ந்திருக்கிறது.

போட்டவுடன் டிரிப் ஆகிறதென்றால் மெயினை அணைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டிரண்டாக ஓம்ஸ் பாருங்கள். சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும்: 3, 5, 8 என்பது போல. வந்தால் வைண்டிங் அறுபடவில்லை. அடுத்து 500 வோல்ட் மெக்கரில் (கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், குற்றவாளி கேபிளாகவும் இருக்கலாம். ஏற்றியதும் மோட்டாருக்குப் பக்கத்தில் கேபிளை வெட்டித் தனித்தனியாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏற்றுவதற்கு முன் மேலே அண்ணாந்து பாருங்கள். 20 அடி இரும்பு பைப் நிமிரும் உயரத்தில் கரண்ட் கம்பி இருந்தால் வேலையே ஆரம்பிக்கக் கூடாது. நான்-ரிட்டர்ன் வால்வு தண்ணீரைக் கீழே விடாது என்பதால் 1¼ இன்ச் கருப்பு பிளாஸ்டிக் பைப் 300 அடியில் தண்ணீர் மட்டுமே 70 கிலோவுக்கு மேல் தொங்கும்; பைப், கேபிள், மோட்டார் எடை தனி. இரும்பு பைப்பென்றால் செயின் பிளாக்கும் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) இரண்டு கிளாம்பும் வேண்டும், ஒன்று உட்கார்ந்த பிறகே மற்றதைத் தளர்த்த வேண்டும். போர் வாயைச் சுற்றிச் சாக்கை அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த ஸ்பானர் அடுத்த மோட்டாரைச் சிக்கவைக்கும்.

புது பம்பு வாங்க எச்பி மட்டும் சொன்னால் போதாது, ஹெட் சொல்லுங்கள், அதாவது தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று. 300 அடி என்பது 91 மீட்டர், டேங்க் உயரம் 30 அடி இன்னொரு 9, பைப் உராய்வுக்கு ஒரு 5. ஆக 105 மீட்டர். கோடையில் மட்டம் மோட்டார்வரை இறங்கும் ஊர் என்பதால் தண்ணீர் மட்டத்திலிருந்து கணக்குப் போடாமல் மோட்டார் தொங்கும் இடத்திலிருந்தே போடுவது நல்லது. பம்பு வரும் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் அதிகபட்ச ஹெட்டில் தண்ணீரே வராது. 105 மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணையில் பாருங்கள். 300 அடிக்குக் கேபிள் 2.5 ஸ்கொயர் எம்எம், 500 அடிக்கு 4. 1.5 போட்டால் 1 எச்பிக்கே 300 அடியில் 19 வோல்ட் வழியில் போய்விடும்.

மோட்டார் ஒயரையும் கேபிளையும் இணைக்கும் ஜாயின்ட்தான் பாதிப் பேர் கோட்டை விடும் இடம். மூன்று கம்பியையும் ஒரே இடத்தில் வெட்டாமல் 2 இன்ச் தள்ளித் தள்ளி வெட்டி முறுக்குங்கள். முதலில் ரப்பர் டேப், இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று ஏறும்படி. அதற்கு மேல் பிவிசி டேப். ஜாயின்டை வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, வாளிக்குள்ளேயே மெக்கர் வைத்துப் பாருங்கள். முள் இறங்கினால் அவிழ்த்து மறுபடி சுற்றுவது ஐந்து நிமிட வேலை. இறக்கிய பிறகு என்றால் ஒரு நாள் கூலி.

தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரில் சுத்தமான தண்ணீரை, குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். எண்ணெய் வகையைத் திறக்கவே கூடாது. நைலான் கயிற்றை மோட்டாரோடு கட்டி, 10 அடிக்கு ஒரு இடத்தில் கேபிளைப் பைப்போடு கட்டிக்கொண்டே இறக்குங்கள். கேபிளைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். போர் அடியிலிருந்து 20 அடியாவது மேலே நிறுத்துங்கள், அடியில் சேறு.

பழையது கருகியிருந்தால் புதிதைப் போடும் முன் காரணத்தைப் பிடியுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடியதா? அப்படியென்றால் தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரைத் தானே அணைக்கும் டிரை ரன் கட்-ஆஃப் இல்லாமல் போட வேண்டாம். பம்பில் செம்மண்ணா? மேல்மண் சரியாமல் இறக்கிய கேசிங் பைப் பாறையில் சரியாக உட்காரவில்லை, புதிதும் அதே கதிதான்.

முதல் ஓட்டத்தில் வால்வைக் கால்வாசி திறந்து, கலங்கல் தெளியும்வரை நிறுத்தாமல் வெளியே விடுங்கள். தெளிந்ததும் முழுதாகத் திறந்து, ஆம்ப்ஸ், வோல்டேஜ், மோட்டார் ஆழம், பைப் எண்ணிக்கை, தேதி ஐந்தையும் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவிடுங்கள். பேனா எழுத்து ஒரு கோடைகூடத் தாங்காது.