இரவுக் குளிசை

2009 போரில் பட்ட செல் குண்டுத் துண்டு இன்னும் என் இடது தொடைக்குள் கிடக்கிறது. பகலில் வயல், ஆடு, அடுப்பு என்று நோவு மறந்துபோகும். படுத்தால் முழங்காலுக்குக் கீழே மிளகாய்த்தூள் பூசினதுபோல் எரியும். நித்திரை இல்லை, யாரோடும் கதைக்கவும் மனமில்லை. கிளிநொச்சியில் கிளினிக் டொக்டர் அமிட்ரிப்டிலின் என்ற குளிசையை எழுதினார். "மண்டைக் குளிசையோ?" என்று பக்கத்திலிருந்த அக்கா கேட்டா. மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான் அக்கா, நரம்பு நோவையும் அது தணிக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைப் பனடோல் மாதிரி நொந்தால் மட்டும் போடக்கூடாது. தினமும் இரவில் போடவேண்டும். எனக்கு 10 மில்லிகிராமில் தொடங்கினார்கள். முதல் கிழமை வாய் வறண்டதுதான் மிச்சம். எரிவு குறைய ஒரு மாதம் போனது. பொறுங்கள்.

நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். 25 க்குக் கூட்டிய பிறகு விடியத் தலை பாரமாக இருந்தது. அறுவடை நேரம், எழும்பவே முடியவில்லை. ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் தலையிடி, சத்தி, கண் மூட முடியவில்லை. டொக்டர் ஏசவில்லை. "பத்து மணிக்குப் போடாமல் ஏழரைக்குப் போடுங்கோ, நிறுத்துறதெண்டால் என்னட்டைச் சொல்லுங்கோ, மெல்ல மெல்லக் குறைப்பம்" என்றார். நேரத்தை மாற்றியதும் தலைப்பாரம் போய்விட்டது.

இரவில் வெளியே போக எழும்பினால் கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்து, டோர்ச் எடுத்துக்கொண்டு மெல்ல எழும்புங்கள். சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். வேர்வையும் குறையலாம், அதனால் எங்கள் வெயிலில் உச்சி நேர வயல்வேலையைத் தவிர்த்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலச்சிக்கலும் வரும். சலம் போகக் கஷ்டம், கண்ணில் நோவு, நெஞ்சு படபடப்பு என்றால் உடனே காட்டவேண்டும். இதய வருத்தம், கண் அழுத்தம், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் தொடங்கமுன்பே சொல்லவேண்டும்.

அண்ணர் தன் கால் முறிவுக்குத் தந்த டிரமடோல் நோக் குளிசை மிச்சம் இருக்கு, போடு என்றார். டொக்டரிடம் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றார். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரலாமாம். கள்ளும் சாராயமும் அப்படித்தான், மயக்கத்தைக் கூட்டும். வேறு எந்த மருந்து எடுத்தாலும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

நோவுக்குத் தரும் சின்ன அளவு மனச்சோர்வுக்குப் போதாமல் போகலாம். நோவு குறைந்தும் மனம் இருண்டே கிடந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் மனநல உதவி இலக்கம் 1926 க்கு எடுங்கள். தொடங்கிய முதல் கிழமைகளில் இளம் பிள்ளைகளை வீட்டார் கவனமாகப் பார்க்கவேண்டும்.

ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள். கூடப் போட்டால் இதயத்தையே நிறுத்தும் மருந்து இது. என் குளிசைப் பொதியைப் பேரனுக்கு எட்டாமல் அலுமாரியில் பூட்டித்தான் வைக்கிறேன். யாராவது கூட விழுங்கிவிட்டால் மயக்கம் வரும்வரை பார்த்திருக்காமல் அம்புலன்சுக்கு, 1990 க்கு அடியுங்கள்.