போட்டிக் கணக்கில் கை முந்திக்கொள்ளும் இடங்கள்

பள்ளிப் பரீட்சையில் 95-க்குக் கீழே இறங்காத பிள்ளை, கணித ஒலிம்பியாட் தாளில் பாதிக் கணக்கைக்கூடத் தொடாமல் வெளியே வருவதுண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். அவர்கள் கோட்டைவிடும் கணக்குகளில் பாடம் தெரியாததால் போனவை குறைவு. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கை எழுதத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

முதலில் சொற்கள். '20-க்கு மிகாத' என்றால் 20-உம் சேரும். '20-ஐ விடக் குறைந்த' என்றால் சேராது. 'குறைந்தது மூன்று' என்றால் மூன்று, நான்கு, ஐந்து என்று மேலே போகலாம். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சிக்கல் இரட்டிப்பு. 'அட் மோஸ்ட்' என்பதுதான் 'மிகாத', 'டிஸ்டிங்க்ட்' என்பது 'வெவ்வேறான', 'கன்செக்யூட்டிவ்' என்பது 'அடுத்தடுத்த'. இப்படி ஓர் இருபது சொல்லை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். இதற்கு டியூஷன் தேவையில்லை.

பகா எண் என்ற சொல்லும் அப்படித்தான். 1 பகா எண் இல்லை, 2 பகா எண். "இரண்டு பகா எண்களின் கூடுதல் 39, அவற்றின் பெருக்கற்பலன் என்ன?" என்று கேட்டால் 2-ஐ மறந்த பிள்ளை பக்கம் முழுக்க ஒற்றைப்படை எண்களைக் கூட்டிப் பார்க்கும். இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். ஆகவே ஒன்று 2, மற்றது 37, விடை 74.

அடுத்தது இடைவெளிக் கணக்கு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1,500 மீட்டர் நீளத்துக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, 50 மீட்டருக்கு ஒரு விளக்கு நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,500-ஐ 50-ஆல் வகுத்து 30 என்று எழுதிவிடுவார்கள். 30 என்பது இடைவெளி. விளக்கு 31. அதையே ஒரு குளத்தைச் சுற்றி நட்டால் கடைசி விளக்கும் முதல் விளக்கும் ஒன்றாகிவிடுவதால் 30 சரி. மாடிப்படிக் கணக்கிலும் இதே குழிதான். முதல் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு 36 நொடி என்றால், முதல் மாடியிலிருந்து எட்டாம் மாடிக்கு 72 இல்லை, 84. மூன்று ஏற்றத்துக்கு 36, ஏழு ஏற்றத்துக்கு 84.

சராசரி வேகம் எல்லாருக்கும் தெரிந்த பொறி, ஆனாலும் வருஷா வருஷம் விழுகிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கிலோமீட்டர் என்று கொள்வோம். போகும்போது பஸ் மணிக்கு 48 கி.மீ., திரும்பும்போது நெரிசலில் 24 கி.மீ. சராசரி 36 இல்லை. போக அரை மணி, வர ஒரு மணி. 48 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். சராசரி 32. மெதுவாக ஓடிய நேரம் அதிகம் என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை இந்தக் கணக்கை விடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தெருக்கணக்கு. புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக வெட்டிக்கொள்வதால் பிள்ளைகளுக்கு உடனே மனதில் படம் வந்துவிடும். கிழக்கே மூன்று கட்டம், தெற்கே இரண்டு கட்டம் தள்ளிப் போக வேண்டும். கிழக்கு, தெற்கு இரண்டு திசையில் மட்டுமே நடக்கலாம். எத்தனை வழி? சிலர் மனம்போன போக்கில் வழிகளை வரைந்து 8 என்பார்கள், சிலர் ஒரே வழியை இரண்டு முறை எண்ணி 11 என்பார்கள். எண்ணுவதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளாததுதான் தவறு. கோச்சிங் போகிற பிள்ளை சூத்திரம் போட்டு 10 என்று சொல்லிவிடும். சரியான விடைதான்.

அப்புறம் நான் ஒரு முனையை அடைப்பேன். கிழக்கே இரண்டு, தெற்கே ஒன்று போனால் வரும் சந்திப்பில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்த வழியே போக முடியாது. இப்போது எத்தனை? சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார். ஒவ்வொரு முனையிலும் அந்த முனைக்கு வந்துசேரும் வழிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். மேற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும்தான் வர முடியும், ஆகவே அந்த இரண்டு எண்களையும் கூட்டினால் போதும். மேல் வரிசை 1, 1, 1, 1. நடு வரிசை 1, 2, அடைத்த முனையில் 0, அப்புறம் 1. கீழ் வரிசை 1, 3, 3, 4. விடை 4. ஆறாம் வகுப்புப் பிள்ளை கூட்டல் மட்டும் தெரிந்து இதைப் போட்டுவிடும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைக் கையில் கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் என்றே நினைக்கிறேன்.

வரிசையைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் பெரிய தவறு. ஒரு வட்டத்தின்மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணையுங்கள். 2 புள்ளிக்கு வட்டம் 2 துண்டாகும். 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு 16. ஆறுக்கு 32 என்று எல்லாரும் சொல்வார்கள். பொறுமையாக வரைந்து எண்ணினால் அதிகபட்சம் 31-தான் கிடைக்கும். மாறாக, இந்தியக் கணிதர் கப்ரேக்கர் கண்ட 6174 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஓர் எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் ஏழு படிக்குள் 6174 வந்துவிடும். இதை நம்பலாம், ஏனென்றால் நான்கு இலக்க எண்கள் மொத்தமே 9,000, அத்தனையையும் சோதித்துவிடலாம். எல்லையில்லாமல் போகும் வரிசைக்கு அந்த வசதி இல்லை, காரணம் காட்டியாக வேண்டும். கப்ரேக்கர் மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கண் விரிய கேட்பார்கள்.

படத்தில் செங்கோணம்போல் தெரிகிறது என்பதற்காக 90 என்று எழுத வேண்டாம். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் x-ஆல் வகுக்கும் முன் x பூச்சியமாக இருக்குமா என்று ஒரு நொடி பாருங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியக் கணித ஒலிம்பியாட்டின் முதல் கட்டமான, எட்டாம் வகுப்பிலிருந்து எழுதக்கூடிய ஐ.ஓ.க்யூ.எம். தேர்வில் 3 மணி நேரத்துக்கு 30 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 6 நிமிடம். அமெரிக்காவின் ஏ.எம்.சி. 8 தேர்வில் 40 நிமிடத்துக்கு 25. இரண்டுக்கும் ஒரே மாதிரி பயிற்சி செய்ய முடியாது. முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போட்டு, எட்டாவதில் சிக்கி அரை மணி நேரம் இழப்பது பள்ளிப் பரீட்சைப் பழக்கம். வீட்டில் பயிற்சி செய்யும்போது இதற்கு நேர் எதிராக, ஒரு கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட விடுங்கள். ஐந்தாம் நிமிடத்தில் விடைப் பக்கத்தைப் புரட்டும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இனி உதவாது.

தப்பாகப் போட்டதை ரப்பரால் அழிக்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். காகிதம் விலை அதிகம் என்பதால் ராமானுஜன் சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முடிவுகளுக்கு நிரூபணம் எழுதப் பின்னால் வந்த கணித அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகளுக்குக் காகிதப் பஞ்சம் இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் கூட்டத்தில் ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டில் 'மிகாத என்பதைக் கவனிக்கவில்லை' என்ற வரி மூன்று வாரம் தொடர்ந்து வந்தது. நான்காவது வாரம் கேள்வியில் அந்தச் சொல்லைக் கண்டதும், எழுதத் தொடங்குவதற்கு முன்பே பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.