கம்பத்து வீட்டைச் சீரமைக்கிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்

மலேசியாவில் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருக்கும் பழைய மலாய்ப் பலகை வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது வீட்டின் அடியில்தான். தூண்மேல் நிற்கிற வீடு, கீழே சும்மாதானே கிடக்கிறது, செங்கல்லால் அடைத்து சிமெண்ட் தரை போட்டால் இரண்டு அறை கிடைக்குமே என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் காலி இடத்தில் ஓடும் காற்றுதான் தரைப்பலகையை உலர வைக்கிறது, வெள்ளம் வந்தாலும் அந்த வழியாகவே போய்விடும். ஈரம் ஏறக்கூடாது என்றுதான் தூணையே மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றி கான்கிரீட் ஊற்றினால் தூணின் அடியில் ஈரம் தங்கிவிடும். செங்கால் என்ற கெட்டி மரம் என்றால் கொஞ்ச காலம் தாங்கும், மெராந்தி என்ற லேசான மரம் என்றால் சீக்கிரமே உளுத்துவிடும்.

அப்புறம் ஆணி. மரத்தை மரத்தில் செருகி ஆப்பு அடித்து இறுக்கும் முறைக்கு மலாய் மொழியில் தங்காம் என்று பெயர். இதில் ஆணியே இல்லை. ஆப்பைத் தட்டி எடுத்தால் வீடே பிரிந்து வரும். கெடா மாநிலத்தில் இருந்த பெங்ஹுலு (ஊர்த்தலைவர்) அபு செமான் வீட்டைப் பிரித்து, 1990களில் கோலாலம்பூர் ஜாலான் ஸ்தோனோரில் மறுபடி நிறுத்த முடிந்தது இப்படித்தான். ஆட்டம் கண்ட மூட்டில் நாலு ஆணி இறக்கினால் அது துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும், பிறகு சேதமில்லாமல் பிரிக்கவும் வராது. புது ஆப்பு செதுக்கத் தெரிந்த தச்சரைத் தேடுங்கள், கிடைப்பது கஷ்டம்தான்.

கூரை விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை அத்தாப்பு என்கிற ஓலைக் கூரையை மாற்ற யாரால் முடியும்? தகரம் போடுங்கள், சரி. ஆனால் வெக்கை தாங்காமல் ஏர்கான் மாட்டி, அதற்காகச் சன்னலுக்கு மேலே காற்றுப் போக விட்டிருக்கும் செதுக்குப் பலகைத் துளைகளை எல்லாம் பிளைவுட்டால் அடைக்காதீர்கள். அழகுக்கு என்று மலாக்கா வீட்டின்மேல் வேறு மாநிலமான நெகிரி செம்பிலானின் வளைகூரையை ஏற்றுவதும் வேண்டாம். மலாக்கா வீட்டுக்கு அதன் ஓடு பதித்த படிக்கட்டே போதும்.

பழைய வீடு என்றாலே சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2005இன் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது, ஆனால் வயதானது என்பதற்காகவே ஒரு வீடு அதன் பதிவேட்டில் ஏறிவிடாது.

கோலாலம்பூர் நகருக்குள்ளேயே இருக்கும் கம்போங் பாருவில் கதையே வேறு. 1900வாக்கில் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய குடியிருப்பு, இன்று இரட்டைக் கோபுரம் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து, ஒரு துண்டு நிலத்துக்கே பல வாரிசுகள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பூட்டிக் கிடந்த வீடு ஒழுகி உட்கார்ந்துவிடும். அதனால் பூட்டி வைக்காதீர்கள். குறைந்த வாடகைக்காவது ஆள் வையுங்கள், மழை பெய்கிற அன்று எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே.