படி ஏற முடியாத அம்மாவோடு பாரிஸ் சுற்றுவது எப்படி

2025 மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஏழு நாள் பாரிஸ் போய்வந்தேன். இருவருக்குமே அதுதான் முதல்முறை. அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போவதற்கு முன் நான் படித்த குறிப்புகள் எல்லாமே "மெட்ரோவில் ஏறுங்கள், நகரமே உங்கள் கையில்" என்றுதான் சொல்லின. முதல் நாளே ஷத்லே ஸ்டேஷனில் அம்மா பாதிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அன்று இரவு அறையில் உட்கார்ந்து திட்டத்தை முழுக்க மாற்றினேன். மாற்றிய திட்டம்தான் இது. விசா, விமானம், பணம் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை.

1. தங்குமிடம்: முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லூவ்ர் பகுதியில் 1-இல் தொடங்கி நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி வெளியே போகும். அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண்: 75004 என்றால் 4-ஆம் வட்டாரம், 75018 என்றால் 18. 75 என்று தொடங்காவிட்டால் அந்த விடுதி நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

நாங்கள் பஸ்தீய் பக்கம், 11-ஆம் வட்டாரத்தில் தங்கினோம். விடுதி வாசலிலிருந்து 69-ஆம் எண் பேருந்து நிறுத்தம் இரண்டு நிமிட நடை. அருகில் மெட்ரோ இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எந்தப் பேருந்து போகிறது என்று பாருங்கள்.

2. நவிகோ பாஸ்: நான் சறுக்கிய இடம்

நவிகோ என்பது பாரிஸின் போக்குவரத்துக் கார்டு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து பாரிஸில் ஒற்றைப் பயணத்துக்கு இரண்டு விதமான டிக்கெட். 2025-இல் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் 2.50 யூரோ, பேருந்துக்கும் டிராமுக்கும் 2 யூரோ. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறினால் புது டிக்கெட் வேண்டும். விமான நிலையத்துக்கு அப்போது தனியாக 13 யூரோ. ஒரு நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குகிறவர்களுக்கு வாரப் பாஸ்தான் லாபம். நாங்கள் போனபோது 31.60 யூரோ. மெட்ரோ, பேருந்து, டிராம், சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.ஈ.ஆர் பி என்ற புறநகர் ரயில், எல்லாம் அதில் அடங்கும்.

வாரப் பாஸ் என்றால் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடிந்துவிடும், நீங்கள் என்றைக்கு வாங்கினாலும். நாங்கள் இறங்கியது வியாழக்கிழமை. வாங்கினேன், நான்கு நாள் நன்றாக ஓடியது. திங்கள் காலை அலுவலக நேரக் கூட்டத்தில் கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. அம்மாவின் கார்டுக்கும் சிவப்பு. பின்னால் வரிசை நீள்கிறது, அம்மா "என்னடா ஆச்சு?" என்கிறார். கவுன்டரில் இருந்த பெண் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையை விரலால் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது.

ஆகவே:

- திங்கள் முதல் வியாழனுக்குள் வந்து, அந்த வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றி முடிப்பதாக இருந்தால் வாரப் பாஸ் வாங்குங்கள். நடப்பு வாரத்துக்கான பாஸ் வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளியிலிருந்து அடுத்த வாரத்துக்கானதுதான் கிடைக்கும்.
- வெள்ளி, சனி, ஞாயிறு வந்து இறங்கினால் நவிகோ ஈசி என்ற 2 யூரோ கார்டில் ஒற்றை டிக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு திங்கள் வரை ஓட்டுங்கள். ஒருவருக்கு ஒரு கார்டு, இருவருக்கும் ஒன்றை நீட்ட முடியாது.
- பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் திங்கள் காலை வந்திறங்குவதுபோல டிக்கெட் போடுங்கள்.

வாரப் பாஸை நவிகோ தெகுவெர்த் என்ற கார்டில் ஏற்ற வேண்டும். கார்டு விலை 5 யூரோ, அதில் உங்கள் புகைப்படம் ஒட்டியிருக்க வேண்டும். அளவு 2.5 × 3 செ.மீ., நம் பாஸ்போர்ட் படத்தைவிடச் சிறியது. ஊரிலிருந்தே வெட்டி எடுத்துப்போங்கள். படம் ஒட்டாமல், பெயர் எழுதாமல் இருந்தால் பரிசோதகர் அபராதம் போடலாம். செல்போனிலும் பாஸை ஏற்றலாம். ஆனால் ஒரு போனில் ஒருவர் பாஸ்தான். பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் கார்டுதான் நல்லது. கழுத்தில் மாட்டிவிட்டால் தொலையாது.

3. மெட்ரோவை மறந்துவிடுங்கள், பேருந்தில் ஏறுங்கள்

பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் ஓடத் தொடங்கியது 1900-இல். பழைய ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. எஸ்கலேட்டர் இருந்தாலும் அது முடிகிற இடத்தில் இன்னும் பதினைந்து படி காத்திருக்கும். புதிதாகக் கட்டிய 14-ஆம் தடத்தில் மட்டும் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு.

பேருந்தில் இந்தத் தொல்லையே இல்லை. தாழ்தளப் பேருந்து, முன்வாசலில் ஏறி கார்டைக் கருவியில் காட்டினால் போதும். பேருந்து வரும்போது கையை நீட்டுங்கள். நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் நிற்காமல் போகலாம். ஏறும்போது "போன்ஜூர்" சொல்லுங்கள். கடைக்குள் நுழைந்தாலும் அதேதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர்கள் முகம் மாறுவதை நான் தினமும் பார்த்தேன்.

வழி தேட கூகுள் மேப்ஸே போதும். போக்குவரத்து விருப்பத்தில் "பேருந்து", "குறைவான நடை" இரண்டையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வேறு இரண்டு ஆப்களையும் முயன்று பார்த்தேன், இரண்டுமே என்னை மெட்ரோ படிக்கட்டுக்கே அனுப்பின.

முதல் நாள் வேறெதுவும் செய்யாமல் 69-இல் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஈபிள் கோபுரத்தடி ஷாம் து மார்ஸிலிருந்து ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர், நகர மண்டபம், பஸ்தீய் வழியாக பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை போகும். ஊர் எப்படி விரிந்து கிடக்கிறது என்பது அந்த ஒரே பயணத்தில் மனதில் பதிந்துவிடும். சுற்றுலாப் பேருந்துக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

4. எதைப் பார்ப்பது

ஈபிள் கோபுரம்: லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்று வருந்தாதீர்கள். இருட்டிய பிறகு, கோபுரத்துக்கு எதிரே உள்ள ட்ரோகடேரோ மேடையில் நில்லுங்கள். ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுத்த மணிக்கும் காத்திருக்கலாம் என்றார். காத்திருந்தோம்.

ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் நான் லூவ்ருக்குப் பதிலாக ஓர்சேவைச் சொல்வேன். 1900-இல் ரயில் நிலையமாகக் கட்டிய கட்டடம், 1986-இல் அருங்காட்சியகமானது. ஒரே பெரிய கூடம், வழி தவறாது. லிஃப்டில் ஐந்தாம் தளம் போனால் மோனே, ரெனுவார் ஓவியங்கள். அங்கேயுள்ள பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியாக செய்ன் நதிக்கு அக்கரையில் லூவ்ர் தெரியும். ஓர்சே திங்களன்று விடுமுறை, லூவ்ர் செவ்வாயன்று. லூவ்ர் போயே ஆக வேண்டுமென்றால் புதன் அல்லது வெள்ளி மாலை போங்கள், இரவு 9 வரை திறந்திருக்கும். சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். மோனா லிசா முன்னால் கூட்டம் முண்டும்போது அப்படியே திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். வெரோனேசேயின் "கானா ஊர்த் திருமணம்" ஓவியம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். அதன் முன்னால் நிம்மதியாக நிற்கலாம்.

நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. உள்ளே போக இலவசம், முன்பதிவும் இலவசம். நுழைவுக்குக் காசு கேட்கும் இணையதளத்தைப் பார்த்தால் மூடிவிடுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சேன்ட் ஷாப்பெல். 1248-இல் கட்டி முடித்த சிற்றாலயம். பாதுகாப்புச் சோதனை கடுமையாக இருக்கும், கத்தி, கத்தரிக்கோல் பையில் வேண்டாம். கண்ணாடி ஓவியங்கள் இருப்பது மேல்தளத்தில், நாங்கள் ஏறியது குறுகலான சுழல் படிக்கட்டில். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஏறிடறேன்" என்றார். ஒரு படிக்கு ஒரு மூச்சு. மேலே போனதும் பேச்சே இல்லை. பதினைந்து ஜன்னல்கள், தரையிலிருந்து கூரை வரை நீலமும் சிவப்பும். அம்மாவின் வெள்ளை ஸ்வெட்டர் மேல் ஊதா நிறம் விழுந்திருந்தது. சுவரோர பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து இதற்குப் பதிவு செய்யுங்கள்.

மோமார்த்ர் குன்றுக்குப் படியேற வேண்டாம். அடிவாரத்திலிருந்து கம்பிவட ரயில் போகிறது, வாரப் பாஸே செல்லும். கீழே மணிக்கட்டில் நூல் கட்ட வருகிறவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். கட்டிவிட்டால் காசு கேட்டு விடமாட்டார்கள்.

5. நடுவில் ஒரு வேளை நம் சாப்பாடு

கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறம் லா ஷாப்பெல். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு. பெயர்ப் பலகைகள் தமிழில், வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். நான்காம் நாள் அங்கே ஒரு சிறு கடைக்குள் நுழைந்ததும், "வாங்கோ அம்மா, இருங்கோ. கால் நோகுதோ?" என்றார் கடைக்காரம்மா. இடியப்பமும் சொதியும் வந்தது. அம்மா அதுவரை அந்த ஊரில் யாரிடமும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசியிருக்கவில்லை. அன்று ஒரு மணி நேரம் பேசினார்.

பின்சேர்க்கை

கழிவறை பற்றிப் பலர் கேட்டார்கள். தெருவோரம் பொதுக் கழிவறைக் கூண்டுகள் இருக்கும், இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். கதவு மூடி, தானாகக் கழுவி, பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

2026 ஜனவரி முதல் லூவ்ரில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. போக்குவரத்துக் கட்டணங்களும் ஜனவரியில் மாறும், மேலே உள்ளவை 2025-க்கானவை. பொம்பிடு மையம் என்ற நவீனக் கலை அருங்காட்சியகம் பழுதுபார்ப்புக்காக 2030 வரை மூடியிருக்கிறது, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போகிற ஒருவர் லா ஷாப்பெல் பிள்ளையார் கோயில் பற்றிக் கேட்டிருந்தார். பஜோல் தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம்தான். தேர்த்திருவிழா அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். தேர் தெருவில் வரும்போது வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். அன்று அந்தப் பக்கம் பேருந்துகள் மாற்றுப் பாதையில் போகக்கூடும், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.