பிரிஜித் சிலுவை பின்னுவது எப்படி?

அயர்லாந்தின் பழைய கணக்கில் பிப்ரவரி 1 வசந்தத்தின் முதல் நாள். குளிர் விட்டிருக்காது, ஆனால் சினை ஆடுகளுக்கு மடியில் பால் இறங்கத் தொடங்கியிருக்கும். இந்த நாளுக்கு இம்போல்க் என்று பெயர். மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1 ஆகியவற்றோடு சேர்ந்து ஆண்டை நான்காகப் பிரிக்கும் கெல்ட்டிய (அயர்லாந்தின் பழங்கால மக்களின்) நாள்களில் இதுவும் ஒன்று. அன்றைக்கு வாசலுக்கு மேலே மாட்டும் புல் சிலுவையைத்தான் இப்போது பின்னப் போகிறோம்.

பிரிஜித் யார்? இரண்டு பேர். ஒருத்தி தாக்டா என்ற பெருந்தெய்வத்தின் மகள், புலவர்களின் தெய்வம். அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள்: ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. இன்னொரு பிரிஜித் அயர்லாந்தின் கில்டேர் என்ற ஊரில் மடம் நிறுவிய கிறிஸ்தவப் புனிதை. அங்கே அணையாமல் எரிந்த நெருப்பைக் கன்னியர்கள் முறை வைத்துக் காத்ததாக 12ஆம் நூற்றாண்டுக் குறிப்பு இருக்கிறது. தெய்வம்தான் புனிதையாக மாறினாளா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சிலுவையே ஆதிகாலச் சூரியச் சக்கரம்தான் என்று அடித்துச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

1. புல். அங்கே ஈரநிலத்தில் வளரும் ரஷ் என்ற புல்லை எடுப்பார்கள். அறுக்காமல் கையால் பிடுங்குவதுதான் மரபு. நமக்குக் கோரை போதும், காய்ந்திருந்தால் ஊறவைத்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்குப் பேப்பர் ஸ்ட்ராவே நல்லது. ஒரே நீளத்தில் 17 வேண்டும்.

2. நேரம். ஜனவரி 31 மாலை. கெல்ட்டியருக்கு நாள் பிறப்பது இருட்டும்போது. சில ஊர்களில் வீட்டுப் பெண் ஒருத்தி புல்கட்டோடு வெளியே நின்று, "மண்டியிட்டு பிரிஜித்தை உள்ளே விடுங்கள்" என்று குரல் கொடுப்பாள். உள்ளே இருப்பவர்கள் வரவேற்பார்கள். அப்புறம் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, அதன் பிறகு பின்னல்.

3. தொடக்கம். ஒரு புல்லை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் புல்லின் நடுப்பகுதியைச் சுற்றிப் போடுங்கள். மடிப்பு இடப்பக்கம், இரு நுனிகளும் வலப்பக்கம். சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள்.

4. திருப்புதல். கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் இருந்த நுனிகள் இப்போது மேலே பார்க்கும். மூன்றாவது புல்லை மடித்து, மேல்நோக்கி நிற்கும் எல்லாவற்றையும் சுற்றி, நுனிகள் வலப்பக்கம் வரும்படி போடுங்கள். மையத்தோடு ஒட்டி நெருக்குங்கள். மறுபடி கால் சுற்று, மறுபடி ஒரு புல். செய்முறை முழுக்க இதுதான்.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, பாதியில் திசை மாற்றித் திருப்புவது. இன்னொன்று, அடுத்த புல்லை எடுக்கிற அவசரத்தில் பிடியை விடுவது. என் முதல் சிலுவை ஐந்தாவது புல்லிலேயே பிரிந்து மடியில் கொட்டிவிட்டது. அடுத்த தடவை எல்லாப் புல்லையும் முன்கூட்டியே மடித்து வைத்துக்கொண்டேன், பிரச்சினை தீர்ந்தது. எட்டாவது புல்லைத் தாண்டிவிட்டால் நடுவில் சதுரம் தெரிய ஆரம்பிக்கும், பின்னலும் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.

5. கட்டு. நான்கு கைகளின் நுனியிலும் ரப்பர் பேண்ட் மாட்டி, மேலே நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி, நுனிகளைச் சமமாக வெட்டுங்கள். பச்சைப் புல் காய்ந்ததும் சுருங்கும், அதனால் கட்டு கொஞ்சம் அதிக இறுக்கமாகவே இருக்கட்டும்.

6. மாட்டுதல். வாசலுக்கு மேலே, வீட்டின் உள்பக்கமாக. தீயும் நோயும் அண்டாது என்பது நம்பிக்கை. மாட்டுத் தொழுவத்திலும் ஒன்று தொங்கும். புதியது வந்த பிறகும் சில வீடுகளில் பழையதைத் தூக்கிப் போடுவதில்லை, ஓலைக் கூரையின் அடியில் வருடா வருடம் செருகிக்கொண்டே போவார்கள்.