சிமுலேஷனில் புகை வராது

கம்ப்யூட்டரில் சர்க்யூட் பழகுகிறவர்கள் பலர் முதலில் கை வைப்பது 5 வோல்ட் பவர் சப்ளையில்தான். 230 வோல்ட்டை 12 ஆக இறக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்க நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கடைசியில் வோல்டேஜை 5-இல் நிறுத்தும் 7805 ரெகுலேட்டர் ஐசி. பாலிடெக்னிக் படித்தவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்துவிடுவார். எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டினால் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல 5 வோல்ட் கோடு வரும். அதே படத்தை வைத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பொருள் வாங்கி சாலிடர் வைத்தால் ஐசி தொட முடியாமல் கொதிக்கிறது, கெப்பாசிட்டர் உப்புகிறது. ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தச் சின்ன சர்க்யூட்டுக்குள் இருப்பதால் இதையே பிரித்துப் பார்க்கலாம்.

எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் எல்லாவற்றுக்கும் மூதாதை, 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் எழுதிய ஸ்பைஸ். சிப்புக்குள் சர்க்யூட் வடிவமைப்பவர்களுக்காகச் செய்தது. என்ன கேட்கிறோம் என்று தெரிந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது அதன் எண்ணம். அதனால் கொடுத்த எண்ணைச் சந்தேகப்படாது. கோடி ஆம்பியர் ஓடினாலும் கிராஃப் போட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் ஆளைக் கவிழ்க்கிறது. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆங்கிலத்தில் 'எம்' போட்டால், எப்படிப் போட்டாலும் அது மில்லி. மெகா வேண்டுமென்றால் 'எம், இ, ஜி' மூன்று எழுத்தையும் அடிக்க வேண்டும். சப்ளையை அணைத்த பிறகு கெப்பாசிட்டர் மெல்ல வடியட்டும் என்று குறுக்கே 1 மெகாஓம் போடுகிறீர்கள். தாளில் எழுதும் பழக்கத்தில் 1 எம் என்று அடித்துவிடுகிறீர்கள். அது 1 மில்லிஓம், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். இதேபோல கெப்பாசிட்டருக்கு 1 எஃப் என்று போட்டால் ஒரு ஃபாரட் வராது, ஃபெம்டோ ஃபாரட் என்ற மிக மிகச் சின்ன அளவு வரும். எண் மாறினால் கிராஃப் கோணலாகும், எர்ரர் வராது. அதுதான் இதில் கெட்ட விஷயம்.

அடுத்தது கிரவுண்ட், அதாவது மற்ற வோல்டேஜையெல்லாம் எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூஜ்யப் புள்ளி. சர்க்யூட்டில் கிரவுண்டே இல்லையென்றால் மென்பொருள் சொல்லிவிடும், அதில் பெரிய ஆபத்தில்லை. அந்த எர்ரருக்குப் பயந்து கண்ட இடத்திலெல்லாம் கிரவுண்ட் குத்துவதுதான் ஆபத்து. ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் (12 வோல்ட் வெளியே வரும் வைண்டிங்கில்) ஒரு முனைக்கு ஒரு கிரவுண்ட், பிரிட்ஜின் மைனஸுக்கு இன்னொன்று என்று வைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே நோட், அதாவது ஒரே இணைப்புப் புள்ளி, ஆகிவிடும். நான்கு டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆகிறது, இன்னொன்று நேராக செகண்டரியின் குறுக்கே உட்காருகிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் முழு வைண்டிங்கும் அந்த ஒற்றை டயோடு வழியாக ஷார்ட். லேபில் வோல்டேஜின் அலையை ஸ்கிரீனில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வைத்தும் இதே தவறு நடக்கும். ஒரு புரோபின் கிரவுண்ட் கிளிப்பை செகண்டரியிலும் மற்றதன் கிளிப்பை பிரிட்ஜ் மைனஸிலும் மாட்டுவார்கள். கிளிப்புகள் இரண்டும் ஸ்கோப்புக்குள் ஒன்றுதான். ஸ்கிரீனில் இதைச் செய்தால் கிராஃப்தான் கெடும், லேபில் டயோடு போகும்.

பிரிட்ஜின் மைனஸ் ஒன்றே கிரவுண்ட், செகண்டரியை மிதக்க விடுங்கள்.

இனி வோல்டேஜ். ட்ரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருக்கும் 12 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது அலையின் உச்சத்தை 1.414-ஆல் வகுத்த அளவு. ஸ்பைஸின் சைன் சோர்ஸ் கேட்பது உச்ச அளவு. 12 என்று அடித்தால் நிஜத்தில் எட்டரை வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டுப் பார்க்கிறீர்கள். அடிக்க வேண்டியது 17. வீட்டு 230 வோல்ட்டுக்கு 325. சில மென்பொருள்கள் சோர்ஸில் ஆர்எம்எஸ்ஸே கேட்கும். எது கேட்கிறது என்பதைப் பெட்டியைத் திறந்து படித்த பிறகு எண்ணைப் போடுவது நல்லது. 17-இல் டயோடு இரண்டுக்கு ஒன்றரை வோல்ட் போக, கெப்பாசிட்டரில் பதினைந்தரை நிற்கும். வெளியே கரண்ட் இழுக்கும் லோடு இல்லாத நேரத்தில் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள் எழுதியிருப்பதைவிடத் தாராளமாகவே கொடுக்கும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஏன் உப்பியது என்பதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது. 25 வோல்ட் வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ட்ரான்ஸ்ஃபார்மரையே வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. இரண்டு இண்டக்டரை (கம்பிச் சுருளை) வைத்து இணைக்கும்போது, சுற்றுகளின் விகிதத்தை இண்டக்டன்ஸ் விகிதமாகப் போட்டுவிடுவார்கள். இண்டக்டன்ஸ் சுற்று எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 230-க்கு 12 என்றால் சுற்று விகிதம் சுமார் 19, இண்டக்டன்ஸ் விகிதம் 367. 19-ஐயே போட்டால் செகண்டரியில் 12 வோல்ட்டுக்குப் பதில் 52 வரும். என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் ட்ரான்ஸ்ஃபார்மரே வரைய வேண்டாம். 17 வோல்ட் சைன் சோர்ஸ், அதோடு தொடராக ஓரிரு ஓம் ரெசிஸ்டர். அந்த ஓரிரு ஓம்தான் வைண்டிங்கின் கம்பி. அதை விட்டால் மென்பொருளின் சோர்ஸ் எவ்வளவு கரண்ட் கேட்டாலும் சளைக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். எந்தக் கடையிலும் அப்படி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது.

நான் அதிகம் பார்த்த தவறு லோடு போடாமல் ஓட்டுவது. வெளியே எதுவும் இழுக்கவில்லையென்றால் எந்த சப்ளையும் நல்ல சப்ளைதான். 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், அரை ஆம்பியர் இழுக்கட்டும். ஓட்டும் முன் ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு: பிரிட்ஜ் வழியாக வருவதால் கெப்பாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது, இடையில் 10 மில்லிசெகண்ட். 0.5 ஆம்பியரை 10 மில்லிசெகண்டால் பெருக்கி 1000 மைக்ரோஃபாரடால் வகுத்தால் 5 வோல்ட். அதாவது கெப்பாசிட்டரில் வோல்டேஜ் பதினைந்தரைக்கும் பத்தரைக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். சிமுலேஷனில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும், ஏனென்றால் முழு 10 மில்லிசெகண்டும் வடிவதில்லை. நான்கு வந்தால் சரி. நாற்பது வந்தாலோ 0.004 வந்தாலோ ஏதோ தப்பாக அடித்திருக்கிறீர்கள். கையில் இந்த எண் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு வந்த கிராஃப் எல்லாமே சரியாகத்தான் தெரியும். 470 மைக்ரோ போட்டுப் பாருங்கள்: பள்ளங்களில் 7805-க்கு வேண்டிய 7 வோல்ட் கிட்டாமல் போய் 5 வோல்ட் கோட்டில் பல் விழும்.

நேரத்தையும் கவனியுங்கள். 10 மில்லிசெகண்ட் மட்டும் ஓட்டினால் கெப்பாசிட்டர் முதன்முறை நிரம்புவதைத்தான் பார்ப்பீர்கள். 200 என்று மட்டும் அடித்தால் 200 விநாடி. டீ குடித்துவிட்டு வரலாம். 200 மில்லிசெகண்ட் போதும், கடைசி இரண்டு மூன்று சைக்கிளை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாடல் விஷயம். பட்டியலிலிருந்து எடுத்து வைத்த வெறும் டயோடு எந்தக் கடையிலும் கிடைக்காத டயோடு. எவ்வளவு ரிவர்ஸ் வோல்டேஜ் கொடுத்தாலும் உடையாது. 1என்4007 வேண்டுமென்றால் அதன் மாடலைத் தேடிப் போட வேண்டும். ரெகுலேட்டரிலும் அப்படித்தான்: 7805 இல்லையே என்று பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு குறைந்த டிராப் அவுட் ஐசியைப் போடுவார்கள். அது 6 வோல்ட்டிலும் 5 கொடுத்துவிடும். 7805-க்கு, வெளியே கொடுக்கும் 5-க்கு மேல் சுமார் 2 வோல்ட் வேண்டும். ட்ரான்ஸிஸ்டரில் இன்னொரு வம்பு: சிமுலேஷனில் 2என்3904, கையில் பிசி547. வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்தால் ஒன்றில் எமிட்டர் கால் இருக்கும் இடத்தில் மற்றதில் கலெக்டர் கால். டேட்டாஷீட் படத்தைப் பார்க்காமல் பிரெட்போர்டில் செருகாதீர்கள்.

கடைசியாக, வெப்பம். எல்டிஸ்பைஸில் நீங்கள் மாற்றாதவரை எல்லாப் பொருளும் 27 டிகிரியில் இருக்கும், மே மாதச் சென்னையானாலும் சரி. ஐசி சுடுவது அதற்குத் தெரியவே தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பாகத்தின் மேல் கிளிக் செய்தால் அது தின்னும் வாட் கிராஃபாக வரும். அந்தப் பெயர் மேல் கண்ட்ரோலோடு கிளிக் செய்தால் சராசரி. நம் சர்க்யூட்டில் 7805-க்குள் போவது சராசரி 13 வோல்ட், வெளியே 5, ஓடுவது அரை ஆம்பியர்: 4 வாட். ஹீட் சிங்க் இல்லாத அந்த மூன்று கால் பேக்கேஜ் ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 4 வாட்டுக்கு 260. அவ்வளவு தூரம் போகும் முன்பே ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு அதை அணைத்துவிடும். வெளியே பார்க்கிறவர் "நல்லா ஓடிட்டிருந்துச்சு, அஞ்சு நிமிஷத்துல நின்னுடுச்சு" என்பார். இங்கேதான் மென்பொருள் காசுக்கு உதவுகிறது. 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரும் 2200 மைக்ரோவும் போட்டு ஓட்டுங்கள். பள்ளம் ஏழுக்குக் கீழே போகாது, வெப்பம் இரண்டரை வாட்டுக்குள் இறங்கும். அப்போதும் ஹீட் சிங்க் வேண்டும், சின்னதாகப் போதும்.

நிஜத்தில் செய்யும்போது 230 வோல்ட் பக்கம் பிரெட்போர்டுக்கு வரவே கூடாது. ஃபியூஸோடு பெட்டிக்குள் மூடியிருக்கட்டும். செகண்டரி வயர் இரண்டு மட்டும் வெளியே வரட்டும். முதலில் லோடு இல்லாமல் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் 12-க்குப் பதில் 14 காட்டலாம். மீட்டர் பழுதில்லை. அந்த 14-ஐ 1.414-ஆல் பெருக்கி சோர்ஸில் போடுங்கள். பிறகு அரை ஆம்பியர் இழுக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து தொடர் ரெசிஸ்டரை அதற்கேற்ப மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.